தட்டில் விழுந்த முள்கரண்டிக் கோடுகள்

பழைய உணவகத் தட்டு ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கு முதல் வேலை தேய்ப்பதுதான். வெள்ளை மெருகின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் தாறுமாறாகக் கிடக்கும். பார்த்தால் கீறல் மாதிரி தெரியும், ஆனால் பெரும்பாலும் அது கீறல் இல்லை. கத்தியும் முள்கரண்டியும் உரசிய இடத்தில் அவற்றின் உலோகம் பீங்கானில் ஒட்டிக்கொண்ட தடம். ஆக்சாலிக் அமிலம் கலந்த துலக்கும் பொடியை ஈரத்துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் முக்கால்வாசி போய்விடும். இந்தத் தட்டுகளைச் சேகரிப்பவர்களுக்கு அந்தக் கோடுகள் ஒரு குறை. கோடு இல்லாத தட்டுக்குத்தான் மதிப்பு. நானும் அதை நம்பித்தான் பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சமையலறை மேடை முன்னால் நின்று, யார் யாரோ உட்கார்ந்து சாப்பிட்ட அடையாளத்தை அத்தனை அக்கறையாக அழித்துக்கொண்டிருந்தேன்.

அதை நிறுத்தவைத்தது மூன்று டாலருக்கு வாங்கிய ஒரு தட்டு. ஒன்பது அங்குலம், ஓரத்தை ஒட்டி ஒரு தடித்த பச்சைக் கோடு, உள்ளே தள்ளி இன்னொரு மெல்லிய பச்சைக் கோடு, அவ்வளவுதான். எந்த உணவகத்தின் பெயரும் இல்லை. வாஷிங்டனில் எப்போதோ மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையின் சாமான்களோடு வந்தது என்று மட்டும் பழைய சாமான் கடைக்காரர் சொன்னார். திருப்பிப் பார்த்தேன், சிரக்யூஸ் சைனா என்ற பீங்கான் ஆலையின் முத்திரை, பக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்துகளும். அந்தக் குறியை அந்த ஆலையின் தேதிக் குறி அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் தட்டு எந்த வருஷம் எந்த மாதம் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். என்னுடையது 1951. சரி, வருஷம் கிடைத்துவிட்டது, ஊரும் கிடைத்துவிட்டது, இனிமேல் கடையைக் கண்டுபிடிப்பதுதான் பாக்கி என்று உட்கார்ந்தேன்.

பெயர் பொறித்த தட்டாக இருந்தால் இது சுலபம். பெரிய ஓட்டல்களும் ரயில்வே கம்பெனிகளும் கிளப்புகளும் தங்கள் பெயரையோ சின்னத்தையோ தட்டின் முகத்திலேயே போடச் சொல்லி ஆர்டர் கொடுப்பார்கள். சில தட்டுகளின் அடியில் தயாரித்த ஆலையின் பெயரோடு, விற்றுக்கொடுத்த மொத்த வியாபாரியின் பெயரும் இருக்கும். சிகாகோவின் ஆல்பர்ட் பிக், சான் பிரான்சிஸ்கோவின் டோர்மன் என்று கண்ணில் பட்டால் தட்டு நாட்டின் எந்தப் பக்கம் போனது என்று ஓரளவு ஊகிக்கலாம். சிறிய கடைக்காரர்களுக்கு இந்த வசதியெல்லாம் கட்டுப்படி ஆகாது. ஆலை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கும் பச்சைக் கோடு, சிவப்புக் கோடு போன்ற பொது வடிவங்களையே வாங்குவார்கள். இருபது தட்டு உடைந்தால் அடுத்த வருஷம் அதே மாதிரி இருபது வாங்கிக்கொள்ளலாம் இல்லையா? அதனால் பச்சைக் கோட்டுத் தட்டுகள் ஆயிரமாயிரமாக மிஞ்சியிருக்கின்றன. ஆனால் ஒன்றுகூடத் தன் கடை எது என்று சொல்லாது.

உடையக் கூடாது என்று செய்தது

இந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்கு அதன் கனத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வீட்டு உபயோகப் பீங்கானைப் போல இரண்டு மடங்கு தடிமன். முதல் சுடுதலிலேயே களிமண் கண்ணாடி மாதிரி இறுகும்வரை கடும் சூட்டில் சுட்டு, அதற்கு அப்புறம் கோட்டையோ படத்தையோ போட்டு, மேலே மெருகு பூசி, குறைந்த சூட்டில் இன்னொரு தடவை சுடுவார்கள். படம் மெருகுக்கு அடியில் இருப்பதால் எத்தனை ஆயிரம் தடவை கழுவினாலும் அழியாது. களிமண் இறுகிப்போயிருப்பதால் ஓரம் கொஞ்சம் பெயர்ந்தாலும் அந்த இடத்தில் குழம்பும் அழுக்கும் ஊறாது. விளிம்பு உருண்டு தடித்திருக்கும். ஒரு தட்டின் மேல் இன்னொன்றை வீசுகிற மாதிரி அடுக்கினாலும் முதலில் அடிபடுவது விளிம்புதானே, அந்த இடத்துக்குத்தான் கூடுதல் சதை. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் 1871-இல் ஒனண்டாகா பாட்டரி என்ற பெயரில் தொடங்கிய ஆலை, 1890-களில் ஜேம்ஸ் பாஸ் என்பவரின் முயற்சியால் இந்த இறுகிய பீங்கானில் பெயர் வாங்கியது. 1966-இல் சட்டப்படியும் சிரக்யூஸ் சைனா என்று பெயர் மாறி, 2009-இல் அந்த ஊரில் சூளை அணைந்தது. 138 வருஷம். பஃபலோ, நியூ காஸில், பீவர் ஃபால்ஸ், வெல்ஸ்வில் என்று இப்படிப் பீங்கான் ஆலைகளால் பிழைத்த ஊர்களின் பட்டியல் நீளும். நான் வாங்கிய எந்தத் தட்டைத் திருப்பினாலும் அந்தப் பட்டியலில் ஒரு ஊர் வந்து நிற்கும்.

அந்த வெள்ளை நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரவாசிகளுக்கு வெளியே சாப்பிடுவதில் இருந்த பெரிய பயம் அழுக்கும் நோயும்தான். 1889-இல் நியூயார்க்கில் தொடங்கிய சைல்ட்ஸ் உணவகங்கள் வெள்ளை ஓடு பதித்த சுவர், வெள்ளை உடுத்திய பணியாளர்கள், வெளியிலிருந்தே உள்ளே பார்க்கும்படி பெரிய கண்ணாடி ஜன்னல் என்று வைத்தே அந்தப் பயத்தைப் போக்கி வளர்ந்தன. வெள்ளைத் தட்டு என்றால் சுத்தமான தட்டு. கறை ஒளிந்துகொள்ள இடமில்லை, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் போட்டுக் கழுவலாம், கழுவிவிட்டால் நேற்று யார் சாப்பிட்டார்கள் என்ற தடமே இருக்காது. வாங்குகிற கடைக்காரருக்கு அந்தத் தட்டு கொடுத்த வாக்குறுதியே இரண்டுதான்: உடையாது, கழுவினால் சுத்தமாகிவிடும். இந்த இரண்டையும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் தட்டுகள்

சேகரிப்பவர்கள் எல்லாரும் ஏங்குவது ரயில் தட்டுகளுக்கு. அதிலும் சான்டா ஃபே ரயில்வேயின் மிம்ப்ரெனோ தட்டுகள் என்றால் பேச்சையே நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போன சூப்பர் சீஃப் வண்டிக்காக, 1930-களின் பிற்பாதியில், மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தவை. இப்போதைய நியூ மெக்சிகோவின் தென்மேற்கில் ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்த மிம்ப்ரெஸ் மக்கள் கிண்ணங்களில் வரைந்த மீன், பறவை, முயல், வண்டு என்று 37 உருவங்களை எடுத்துக்கொண்டார். செய்துகொடுத்தது ஒனண்டாகா ஆலை. கருஞ்சிவப்பும் கறுப்புமாக அந்த முயல் தட்டை ஒரு அருங்காட்சியகத்தில் பார்த்தபோது எனக்கும் கை துறுதுறுத்தது உண்மை.

மூலக் கிண்ணங்களைப் பற்றிப் படித்தபோதுதான் ஒரு விஷயம் மனதில் தங்கியது. மிம்ப்ரெஸ் மக்கள் வீட்டுத் தரைக்கு அடியிலேயே இறந்தவர்களைப் புதைத்தார்கள். புதைக்கும்போது கிண்ணத்தின் நடுவில் குத்தி ஒரு துளை போட்டு, அதை இறந்தவரின் முகத்தின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். அழகான முயலின் வயிற்றிலேயே ஓட்டை விழுந்த கிண்ணங்கள் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. அவர்களும் பாத்திரத்தை வேண்டுமென்றே உடைத்தவர்கள்தான், ஒருவரை வழியனுப்புவதற்காக.

ரயில் தட்டுகளின் இன்னொரு பக்கத்தைச் சேகரிப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை. 1942 மே மாதம், எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பின அரசு ஊழியர் வாஷிங்டனிலிருந்து தெற்கே போகிற சதர்ன் ரயில்வே வண்டியில் முதல் வகுப்புப் பயணி. சாப்பாட்டுப் பெட்டியில் சமையலறையை ஒட்டிய இரண்டு மேசைகள்தான் கறுப்பர்களுக்கு, நடுவில் திரை. அன்று அந்த மேசைகளிலும் வெள்ளைக்காரர்களை உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தும் அவருக்குத் தரவில்லை, இடம் கிடைத்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், ஆள் வரவே இல்லை. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியையே கழற்றிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1950 ஜூன் மாதம் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்தக் காலத்து ரயில் தட்டை யாராவது பெருமையாகக் காட்டும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தத் திரைதான் ஞாபகம் வருகிறது.

வாஷிங்டன், 1952

என் பச்சைக் கோட்டுத் தட்டின் கடையைத் தேடிப் பல வாரம் வாஷிங்டனின் பழைய உணவகங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பழைய விளம்பரங்கள், மெனு அட்டைகள், அஞ்சல் அட்டைகள். கடை கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது.

பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன். 1974-இல் பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டி 715-ஆவது ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர். அதற்கு 22 வருஷம் முன்னால், 1952-இல், அவருக்கு வயது 18, கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த லீகில் இண்டியானாபோலிஸ் க்ளவுன்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அணி வாஷிங்டனுக்கு வந்திருக்கிறது, மழை, ஆட்டம் தொடங்கவில்லை. மழை விடும்வரை கிரிஃபித் ஸ்டேடியத்துக்குப் பின்னால் இருந்த ஒரு உணவகத்தில் காலைச் சாப்பாடு. சாப்பிட விட்டார்கள், விரட்டவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. அவர்கள் சாப்பிட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக உடைக்கிற சத்தம். அந்த வயதிலும் தனக்கு அது உறைத்தது என்று பின்னால் எழுதியிருக்கிறார். சுதந்திரமும் சமத்துவமும் பேசுகிற நாட்டின் தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், கறுப்பர்களின் வாய்க்குப் போன முள்கரண்டி தொட்ட தட்டு என்பதற்காக அதை உடைக்கிறார்கள், நாய்கள் அதில் சாப்பிட்டிருந்தால் கழுவியிருப்பார்கள் என்று.

படித்துவிட்டு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். 1951-இல் சுட்ட தட்டு, வாஷிங்டனுக்குப் போன தட்டு. அந்தக் கடையின் தட்டுதான் இது என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. ஆனால் அதே வகை, அதே கனம், அதே உருண்ட விளிம்பு. விரல் நகத்தால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கும். இது தற்செயலாகக் கை தவறி உடைகிற சாமான் இல்லை. இதை உடைக்க வேண்டும் என்றால் ஓங்கி அடிக்க வேண்டும். ஒரு தட்டு என்றால் பரவாயில்லை, ஒரு அணியே சாப்பிட்ட தட்டுகள். கடைக்காரர் ஒவ்வொரு தட்டுக்கும் காசு கொடுத்திருக்கிறார். உடைந்து போகக் கூடாது என்பதற்காகவே பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார். அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டு, சாப்பிட்டவர்கள் இன்னும் மேசையைவிட்டு எழுந்து போகாத நேரத்தில், காதில் விழும்படி உடைத்திருக்கிறார்கள். உணவுக்குக் காசு வாங்கிக்கொண்டாகிவிட்டது. இரட்டைக் குவளையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கொதிநீரும் சோப்பும் போதும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வெள்ளைத் தட்டுத் தொழிலே நின்றது என்று மேலே சொன்னேன். அதே கடை, அதே கொதிநீர், அதே சோப்பு, இவர்களுக்கு மட்டும் போதவில்லை. என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது இதுதான். கூடவே இன்னொன்றும். அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் எத்தனையோ உணவகச் சமையலறைகளில் சமைத்தவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் கறுப்பர்களே. முட்டையைப் பொரித்த கை, ரொட்டியில் வெண்ணெய் தடவிய கை, தட்டைக் கழுவி அடுக்கிய கை எல்லாம் உள்ளே வரலாம், சாப்பிடுகிற வாய்தான் பிரச்சினை.

எண்பத்தாறு வயதில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்காக

அதே ஊரில் அதே காலத்தில் நடந்த இன்னொரு கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதியைச் சொன்னதாக ஆகிவிடும். சிகாகோவில் ஜான் தாம்ஸன் தொடங்கிய தாம்ஸன்ஸ் என்ற உணவகச் சங்கிலிக்கு வாஷிங்டன் பதினான்காவது தெருவில் ஒரு கிளை இருந்தது. தட்டை நாமே ஏந்திப் போய் வாங்கிக்கொள்கிற மலிவான கடை. 1950 பிப்ரவரியில் மேரி சர்ச் டெரல் சில நண்பர்களோடு அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 86. அடிமையாகப் பிறந்த பெற்றோரின் மகள், கறுப்பினப் பெண்களின் தேசிய சங்கத்துக்கு முதல் தலைவி. கறுப்பர்களுக்கு இங்கே பரிமாறுவதில்லை என்று மறுத்தார்கள். மறுப்பார்கள் என்று தெரிந்தேதான் போனார். 1872-லும் 1873-லும் வாஷிங்டன் நகரச் சபை போட்ட சட்டங்கள் இரண்டு இருந்தன, ஒழுங்காக நடந்துகொள்கிற யாருக்கும் உணவகம் பரிமாற மறுக்கக் கூடாது, மறுத்தால் நூறு டாலர் அபராதம், ஒரு வருஷத்துக்கு உரிமமும் போகும் என்று. எவரும் ரத்து செய்யாமலே அந்தச் சட்டங்கள் மறந்துபோயிருந்தன. அவை இன்னும் உயிரோடு இருக்கின்றனவா இல்லையா என்பதுதான் வழக்கு. மூன்று வருஷம் இழுத்து, 1953 ஜூன் 8-ஆம் தேதி, உயிரோடுதான் இருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான்கு நாள் கழித்து டெரல் அதே கடைக்குத் திரும்பிப் போனார், பரிமாறினார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் இறந்துபோனார்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் தட்டு 1951. டெரலின் வழக்கு நடந்துகொண்டிருந்த நடுவில் சூளையிலிருந்து வந்தது. ஆரன் அந்தச் சத்தத்தைக் கேட்டது 1952. தீர்ப்பு 1953. அதற்கு அப்புறமும் எத்தனையோ வருஷம் அந்தத் தட்டு ஏதோ ஒரு கடையில் உழைத்திருக்கிறது, ஏனென்றால் அதன் மேல் கோடுகள் அவ்வளவு அடர்த்தி. முதலில் யார் சாப்பிட்டார்களோ, பிற்பாடு யாரெல்லாம் சாப்பிட முடிந்ததோ, எல்லாருடைய முள்கரண்டியும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. பிரித்தெடுக்க வழியே இல்லை.

இத்தனை வருஷமாக நான் தட்டுகளின் வரலாறு என்று தேடிப்போனதெல்லாம் உரிமையாளர்களின் வரலாறு. எந்த ஓட்டல், எப்போது திறந்தது, யார் கட்டினார்கள், எப்போது மூடினார்கள். தட்டின் முகத்தில் பொறித்த பெயரே அதைத்தான் கேட்கச் சொல்கிறது. பெயர் இல்லாத தட்டு கையில் வந்தபோதுதான் வேறு கேள்வி கேட்கத் தோன்றியது. இதைச் சேகரிப்பாளரான ஒரு மூத்த நண்பரிடம் சொன்னேன், கண்ணாடி அலமாரிகளில் இருநூறு ரயில் தட்டுகள் வைத்திருப்பவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “மிஞ்சினதைத்தான் நாம சேர்த்து வெச்சிருக்கோம், இல்லையா?” என்றார். ஆமாம். நம் அலமாரியில் இருப்பவை யாரும் உடைக்க நினைக்காத தட்டுகள். கிரிஃபித் ஸ்டேடியத்துக்குப் பின்னால் அந்த மழைநாளில் உடைந்தவை குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும், அவற்றுக்கு அட்டவணையும் இல்லை, விலையும் இல்லை. மிம்ப்ரெஸ் கிண்ணத்தின் துளையை நூறு வருஷமாக ஆராய்ச்சியாளர்கள் அளந்து படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த உடைசலில் நமக்குக் கிடைத்திருப்பது பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டு மறக்க முடியாமல் வைத்திருந்த சத்தம் மட்டும்.

பச்சைக் கோட்டுத் தட்டை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடுகள் எல்லாம் தெரிகின்றன, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக, ஓரத்தில் வளைவாக, ஒரு இடத்தில் யாரோ கறியை அழுத்தி அறுத்த மாதிரி நாலைந்து சேர்ந்தாற்போல. துலக்கும் பொடி டப்பா இப்போது குளியலறைக் குழாய்களுக்கு மட்டும்.